முகாமில் அழுத பிள்ளைகள் இரண்டு மாதத்தில் எங்கே போனார்கள்?

சகோதரி, உங்கள் கேள்வியை இரண்டு நாள் மனதில் வைத்திருந்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். 13 முதல் 18 வயது வரை 14 பிள்ளைகள் இருக்கும் வாலிபர் ஐக்கியத்தை நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்கள். முகாமின் கடைசி இரவில் ஏறக்குறைய எல்லாரும் முன்னால் வந்து அழுது ஜெபித்தார்கள். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் வேதம் வாசிக்கிறவர்கள் இரண்டு பேர்கூட இல்லை. ஒரு பையன் "எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு, வருவதையே நிறுத்திவிட்டான். பெற்றோர் உங்களைக் கேட்கிறார்கள், போதகரும் கேட்கிறார். நீங்களோ, அந்த இரவு நடந்தது உண்மையா, பிள்ளைகள் வளர்கிறார்களா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது, இனி என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த அழுகை உண்மைதான். அதைச் சந்தேகப்படாதீர்கள், பிள்ளைகள் முன்னால் அதைக் குறைத்தும் பேசாதீர்கள். ஆனால் அதை வளர்ச்சியின் அளவுகோலாக எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவீர்கள். இருபது வருடத்துக்கு மேலாக இந்த வயதுப் பிள்ளைகளோடு இருந்ததில் நான் கண்டுகொண்டது ஒன்றுதான்: இந்த வயதில் விசுவாசம் கை மாறுகிறது. அதுவரை அப்பா அம்மாவுடையதாக, சபையுடையதாக, நண்பர் கூட்டத்துடையதாக இருந்தது பிள்ளையின் சொந்தக் கைக்குப் போகிறது. ஒரு பொருள் கை மாறும்போது ஒரு கணம் அது யார் கையிலும் இல்லாதது போலத்தான் தெரியும். நீங்கள் இப்போது பார்த்துக்கொண்டிருப்பது அந்தக் கணமாக இருக்கலாம்.

உங்கள் கவலை புதிதல்ல. 1881-ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் என்ற ஊரில் பிரான்சிஸ் கிளார்க் என்ற இளம் போதகரின் சபையில் ஜெப வாரம் நடந்தது. நிறையப் பிள்ளைகள் தங்களை ஒப்புக்கொடுத்தார்கள். அவருக்கு வந்த கேள்வி அப்படியே உங்களுடையது: வாரம் முடிந்தபின் இவர்களை என்ன செய்வது? பிப்ரவரி 2 அன்று அவர்களைத் தன் வீட்டுக்கு அழைத்து ஒரு சங்கத்தைத் தொடங்கினார். பிறகு உலகமெங்கும் பரவிய கிறிஸ்தவ முயற்சி சங்கம் அதுதான். அவர் செய்ததில் என்னைக் கவர்ந்தது, பிள்ளைகளை உட்காரவைத்துப் பிரசங்கம் கேட்கச் சொல்லாமல், ஒவ்வொரு கூட்டத்திலும் ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு பங்கு எடுக்க வேண்டும் என்று வைத்தது. ஒரு வசனம், ஒரு வரி ஜெபம் என்றாலும் போதும். வராதவர்களை விசாரிக்கும் குழுவும் இருந்தது, அதிலும் பிள்ளைகளே இருந்தார்கள். அந்தச் சங்கத்தின் கடுமையான உறுதிமொழி எல்லாம் இன்றைக்குப் பொருந்துமா என்றால் பொருந்தாது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் உணர்ச்சி அடங்கியபின் பிள்ளையின் கையில் ஏதாவது வேலை இருக்க வேண்டும் என்று அவர் கண்டுகொண்டது சரியானது.

இதைவிடப் பழைய உதாரணம் சாமுவேல். 1 சாமுவேல் 3-ஆம் அதிகாரத்தை நாம் ஞாயிறு பள்ளியிலேயே கேட்டுவிட்டதால் அதிலுள்ள ஒரு வசனத்தை வேகமாகத் தாண்டிப்போய்விடுகிறோம். பையன் ஆலயத்தில் வளர்கிறான், ஆலயத்தில் தூங்குகிறான், ஊழியமும் செய்கிறான். அப்படியிருந்தும் 7-ஆம் வசனம், "சாமுவேல் இன்னும் கர்த்தரை அறியாதிருந்தான்" என்கிறது. நம் வாலிபர் ஐக்கியத்தில் கீபோர்டு வாசிக்கிற, வேத வினாடி வினாவில் பரிசு வாங்குகிற பிள்ளையைப் பற்றி இந்த வாக்கியத்தைச் சொல்ல நமக்கு மனசு வராது. வேதம் தயங்காமல் சொல்கிறது, குற்றமாகவும் சொல்லவில்லை.

அப்புறம் ஆலயத்தின் ஆசாரியனான ஏலி செய்ததைப் பாருங்கள். அவன் நல்ல தகப்பனாகப் பெயர் வாங்கினவன் அல்ல, கண்ணும் மங்கிவிட்டது. ஆனால் அந்த இரவில் அவன் செய்தது வாலிபர் ஊழியத்துக்கே ஒரு பாடம். கூப்பிட்ட குரல் ஏலியுடையது என்று நினைத்துப் பையன் மூன்று தடவை வந்து எழுப்பியும் எரிந்துவிழவில்லை. கர்த்தர் கூப்பிடுகிறார் என்று அவனுக்கே மூன்றாவது தடவைதான் புரிகிறது. புரிந்ததும் பையனோடு எழுந்து போகவும் இல்லை, கர்த்தர் என்ன சொல்லப்போகிறார் என்று விளக்கவும் இல்லை. "கர்த்தாவே சொல்லும், அடியேன் கேட்கிறேன்" என்று ஒரு வாக்கியத்தைக் கையில் கொடுத்து, போய்ப் படுத்துக்கொள் என்று அனுப்பிவிடுகிறான். மீதி அந்தப் பையனுக்கும் கர்த்தருக்கும் இடையே நடக்கிறது. நமக்கு மிகவும் கடினமானது இந்த இடம்தான். கூடவே போய்ப் படுக்கைக்குப் பக்கத்தில் நின்றுகொள்ளத்தான் நம் கால்கள் துடிக்கும்.

இந்தக் கை மாறுதலை மனித வளர்ச்சியை ஆராய்ந்தவர்களும் கவனித்திருக்கிறார்கள். 'நான் யார்' என்ற கேள்விதான் பதின்பருவத்தின் மையம் என்றார் எரிக் எரிக்சன். 1966-இல் ஜேம்ஸ் மார்சியா அதை இன்னும் நுணுக்கமாகப் பிரித்தார். ஒன்றையும் கேள்வி கேட்காமல் பெற்றோர் கொடுத்ததை அப்படியே ஏற்றுக்கொள்கிறவர்கள் ஒரு வகை. தேடித் தடுமாறி, கடைசியில் தாமாகவே ஒரு முடிவுக்கு வருகிறவர்கள் வேறு வகை. வெளிப்பார்வைக்கு முதல் வகைப் பிள்ளை அருமையான விசுவாசியாகத் தெரியும், தேடுகிற பிள்ளை பின்வாங்கிப்போனவன் போலத் தெரியும். ஜேம்ஸ் பௌலர் 1981-இல் விசுவாசத்தின் படிநிலைகளைப் பற்றி எழுதியபோது, பதின்பருவ விசுவாசம் பெரும்பாலும் தன்னைச் சுற்றியிருக்கிறவர்களின் விசுவாசத்தோடு ஒத்துப்போவதாகவே இருக்கும் என்றார். அப்படிப் பார்த்தால் அந்தக் கடைசி இரவில் எல்லாரும் ஒன்றாக அழுததும், வீட்டுக்கு வந்தபின் ஒவ்வொருவராக அமைதியாகிவிட்டதும் ஒரே குணத்தின் இரண்டு பக்கம். கூட்டம் இருந்தபோது கூட்டத்தின் விசுவாசம் அவர்களைத் தூக்கிப் பிடித்தது. இப்போது கூட்டம் இல்லை.

"நம்பிக்கை இல்லை" என்று சொன்ன பையனைப் பற்றி உங்களுக்குத்தான் அதிகக் கவலை என்று தெரிகிறது. எனக்கோ, உங்கள் கேள்வியில் அதிக நம்பிக்கை தந்ததே அவன்தான்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமைக் கூட்டம் முடிந்து எல்லாரும் போய்விட்டார்கள். 16 வயதுப் பையன் ஒருவன் மட்டும் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். யாரும் அடுக்கச் சொல்லவில்லை. ஆறு ஆறாக அடுக்கினவன், கடைசி வரிசையை மட்டும் எடுத்து, மறுபடி இறக்கி, மறுபடி எடுத்துக்கொண்டிருந்தான். ஏதோ சொல்ல நிற்கிறான் என்று புரிந்தது. நானும் போய் ஒரு நாற்காலியைத் தூக்கினேன். என் முகத்தைப் பார்க்காமலே, "அண்ணா, நான் ஜெபம் பண்றப்போ யாருமே இல்லாத ரூம்ல பேசுற மாதிரி இருக்கு. எல்லாருக்கும் இப்படித்தானா, இல்ல எனக்கு மட்டுமா?" என்றான். அவன் ஒரு மூப்பரின் மகன். அப்பாவிடம் கேட்க முடியாத கேள்வி அது.

"எவ்வளவு நாளா இப்படி இருக்கு?" என்று கேட்டேன். "ஒரு வருஷமா" என்றான். அந்த ஒரு வருடமும் அவன் வாரம் தவறாமல் வந்திருக்கிறான், பாடியிருக்கிறான், இரண்டு தடவை சாட்சிகூடச் சொல்லியிருக்கிறான். "எனக்கும் அப்படி இருந்த மாதங்கள் உண்டு. நீ இதைச் சொன்னது நல்லது. அடுத்த வாரமும் பேசலாமா?" என்று மட்டும் சொன்னேன். நாற்காலி அடுக்கி முடித்ததும் அவன் முகத்தில் இருந்த இறுக்கம் கொஞ்சம் தளர்ந்திருந்தது. பதில் ஒன்றும் கிடைக்கவில்லை, ஆனால் அவனுக்குள் பூட்டியிருந்த கேள்வி வெளியே வந்துவிட்டது.

இதற்குப் பல வருடம் முன்பு, ஊழியத்துக்கு வந்த புதிதில், இதே போன்ற கேள்வியோடு வந்த ஒரு பெண்ணுக்கு நான் மடமடவென்று ஐந்து வசனம் எடுத்துக் கொடுத்தேன். கூடவே, "சந்தேகம் சாத்தானிடமிருந்து வருவது, இடம் கொடுக்காதே" என்று ஜெபித்தும் அனுப்பினேன். அவள் அதற்குப் பிறகு என்னிடம் எதுவுமே கேட்கவில்லை. கூட்டத்துக்கு மட்டும் இன்னும் ஒரு வருடம் வந்தாள். நான் அவள் சந்தேகத்தைத் தீர்க்கவில்லை, அதை என்னிடம் சொல்லக்கூடாது என்று கற்றுக்கொடுத்தேன். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் வலிக்கிறது.

இயேசுவின் சீஷனான தோமாவைப் பற்றி ஒரு சின்ன விஷயம் கவனித்திருக்கிறீர்களா? உயிர்த்தெழுந்த இயேசுவைப் பார்த்தோம் என்று பத்துப் பேர் சொல்கிறார்கள், அவன் நம்பமாட்டேன் என்கிறான். அடுத்த காட்சி எட்டு நாள் கழித்து. அதே வீடு, "தோமாவும் அவர்களுடனேகூட இருந்தான்" என்று யோவான் எழுதுகிறார். நம்பாதவன் எட்டு நாளாக அவர்களோடுதான் இருந்திருக்கிறான். அவர்கள் அவனைத் துரத்தவில்லை, அவனும் போய்விடவில்லை. ஆண்டவர் வந்தபோது அவன் அந்த அறையில் இருந்தான். உங்கள் வாலிபர் ஐக்கியம், நம்பாத ஒருவன் எட்டு நாள் உட்கார்ந்திருக்கக்கூடிய அறையாக இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். வேண்டுமானால் "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று, நோயுற்ற மகனுக்காக இயேசுவிடம் கதறின தகப்பனின் வாக்கியத்தை ஒருநாள் அவர்களுக்குக் கொடுங்கள். விசுவாசமும் அவிசுவாசமும் ஒரே மூச்சில் வருகிற ஜெபம் அது. ஆண்டவர் அதைத் தள்ளவில்லை, பிள்ளையைக் குணமாக்கினார்.

இனி முகாம். முகாம் வேண்டாம் என்று சொல்லமாட்டேன், என் சொந்த விசுவாசமே ஒரு முகாமில்தான் உயிர்பெற்றது. ஆனால் அந்தக் கடைசி இரவில் உடம்பு எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள். இந்த வயதுக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். மூன்று இரவாக ஐந்து மணி நேரம்கூடத் தூங்காத பிள்ளைகள், புது இடம், சத்தமான இசை, பக்கத்தில் அழுகிற நண்பன். மூளையில் உணர்ச்சியைத் தூண்டும் பகுதிகள் சீக்கிரம் வேகமெடுத்துவிடும். நிதானிக்கும் முன்பகுதி முதிர்ந்து முடிய இருபது வயதைத் தாண்டி இன்னும் சில வருடம் ஆகும். இந்த நிலையில் பிள்ளை அழுவதற்கு ஆவியானவர்தான் காரணம் என்றும் சொல்லமுடியாது, இல்லை என்றும் சொல்லமுடியாது. இரண்டும் கலந்திருக்கும். ஆண்டவர் களைத்த உடம்பிலும் வேலை செய்கிறவர்தான், அதற்காக நாம் வேண்டுமென்றே களைக்கவைக்கக் கூடாது.

எலியா தீர்க்கதரிசியின் கதையும் இதே மாதிரிதான். கர்மேல் மலையில் அக்கினி இறங்கின வெற்றி. அடுத்த அதிகாரத்தில் சூரைச்செடியின் கீழே படுத்து, சாக வேண்டும் என்கிறான். தேவதூதன் அவனை என்ன விசுவாசம் இது என்று கண்டிக்கவில்லை. தட்டி எழுப்பி "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்கிறான், மறுபடி தூங்கவிடுகிறான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். கர்த்தர் மெல்லிய சத்தத்தில் பேசியதெல்லாம் அதற்கப்புறம்தான். முகாம் முடிந்து வருகிற பிள்ளைகளுக்கு முதலில் வேண்டியது இதுதான்: தூக்கம், சாப்பாடு, கண்டிக்காத ஒரு மனிதர். இரண்டாவது வாரத்திலேயே "முகாமில் எடுத்த தீர்மானம் என்ன ஆச்சு?" என்று கேட்டால் பிள்ளை உங்களைப் பார்த்தாலே ஒளிந்துகொள்ளும்.

அடுத்த முகாமில் கடைசி இரவுக் கூட்டத்தைச் சீக்கிரம் முடித்துத் தூங்கவிட்டு, ஒப்புக்கொடுத்தல் பற்றிய பேச்சை மறுநாள் காலை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். நான் அப்படி மாற்றியபோது முன்னால் வருகிறவர்களின் எண்ணிக்கை குறைந்தது. ஆனால் வந்தவர்கள் என்ன முடிவு எடுத்தோம் என்பதைத் தங்கள் வார்த்தையில் சொன்னார்கள். "இனி என் வாழ்க்கை முழுவதும் உமக்கு" என்ற பெரிய பொருத்தனையைவிட, "தினமும் தூங்குமுன் அந்த நாளில் நடந்த ஒன்றை அவரிடம் சொல்வேன்" என்ற சின்னத் தீர்மானம் நிற்கிறது.

இன்னொன்றும் இங்கேயே சொல்லவேண்டும். ஒரு பெண் தொடர்ந்து மூன்று முகாம்களில் இரட்சிப்புக்கான அழைப்புக்கு எழுந்து நின்றாள். முதல் இரண்டு தடவை நாங்கள் சந்தோஷப்பட்டுப் பெயர் எழுதிக்கொண்டோம். மூன்றாவது தடவை எங்கள் குழுவில் இருந்த ஒரு அக்கா அவளைத் தனியாக உட்காரவைத்து, "போன வருஷமும் வந்தியே கண்ணு, என்ன ஆச்சு?" என்று மெதுவாகக் கேட்டார். "போன தடவை சரியா மனந்திரும்பலையோன்னு பயமா இருந்துச்சு அக்கா. நான் ஜெபத்தை ஒழுங்கா சொல்லாம விட்டிருந்தா?" என்றாள். மூன்று வருடமாக அந்தப் பிள்ளை பயத்தோடு படுத்திருக்கிறாள். நாங்கள் அதை எழுப்புதல் என்று எண்ணிக்கொண்டிருந்தோம். பயத்தினால் திரும்பத் திரும்ப முன்னால் வருகிற பிள்ளைக்கு இன்னொரு அழைப்பு மருந்தல்ல. அதன் காதில் விழவேண்டியது, நீ ஏற்கெனவே பிடிக்கப்பட்டிருக்கிறாய், உன் பிடி தளர்ந்தாலும் அவர் பிடி தளராது என்பதுதான். குற்ற உணர்வைக் கிளறிப் பிள்ளைகளை அசைப்பது மிகவும் எளிது. எளிதாக இருப்பதால்தான் அதைத் தொடவேண்டாம் என்கிறேன்.

சரி, வளர்ச்சியை எதில் பார்ப்பது? வருகைப் பதிவில் இல்லை, பாட்டுச் சத்தத்தில் இல்லை. நான் பார்க்கிறவற்றைச் சொல்கிறேன். யாரும் சொல்லாமல் ஒருவன் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டான் என்று அவன் அம்மா வழியாகத் தெரியவருவது. குழுவில் யாரும் சேர்த்துக்கொள்ளாத பிள்ளைக்குப் பக்கத்தில் ஒருத்தி போய் உட்காருவது. ஜெபத்தில் "ஆசீர்வதியும், பாதுகாத்துக்கொள்ளும்" என்ற மனப்பாட வரிகள் குறைந்து, "எனக்கு அவன்மேல கோபமா இருக்கு ஆண்டவரே" என்பது போன்ற நிஜமான வாக்கியம் வருவது. கேள்விகள் கூர்மையாவது. தப்பு செய்துவிட்டு ஒளிந்துகொள்ளும் நாட்கள் குறைந்து, சீக்கிரம் வந்து சொல்வது. இவையெல்லாம் மெதுவாக நடக்கும், பெரும்பாலும் நாம் பார்க்காத நேரத்தில். மாற்கு 4-இல் விதைக்கிறவன் இரவில் தூங்கிப் பகலில் விழித்திருக்க, அவனுக்குத் தெரியாமலே விதை முளைக்கிறது என்கிற உவமையை நான் என் மேஜைமேல் எழுதி வைத்திருக்கிறேன். முளை, பிறகு கதிர், பிறகுதான் கதிரில் நிறைந்த தானியம். முளையைப் பிடுங்கி வேர் விட்டிருக்கிறதா என்று பார்க்கிற அவசரம் நமக்கு வேண்டாம்.

அப்புறம், பேச்சு. 2000-களின் தொடக்கத்தில் கிறிஸ்டியன் ஸ்மித் என்ற சமூகவியலாளர் தலைமையில் அமெரிக்காவில் 13 முதல் 17 வயது வரையுள்ள மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் அவர்களுடைய விசுவாசத்தைப் பற்றி விசாரித்தார்கள். பிள்ளைகள் மதத்துக்கு எதிராக இல்லை, பெரும்பாலும் பெற்றோரின் வழியிலேயே இருந்தார்கள். ஆனால் எதை நம்புகிறாய் என்று கேட்டால் சொல்ல வார்த்தை இல்லை. நல்லவனாக இருக்க வேண்டும், சந்தோஷமாக இருக்க வேண்டும், கஷ்டம் வந்தால் கடவுள் உதவுவார் என்ற அளவில் நின்றுவிட்டது. என் மனதைத் தைத்தது, அந்த ஆய்வாளர்கள் சொன்ன இன்னொரு விஷயம்: நீ என்ன நம்புகிறாய், அது உன் வாழ்க்கையில் என்ன செய்கிறது என்று ஒரு பெரியவர் கேட்டதே பல பிள்ளைகளுக்கு அதுதான் முதல் தடவை போலத் தோன்றியது என்றார்கள். அது வேறொரு தேசத்து ஆய்வுதான், ஆனாலும் நம் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஒன்றரை மணி நேரத்தில் பிள்ளைகள் பேசுவது எத்தனை நிமிடம்?

எனவே வாரக் கூட்டத்தில் நீங்கள் பேசுவதைப் பாதியாகக் குறையுங்கள். மாற்கு சுவிசேஷத்தை எடுத்துக்கொள்ளுங்கள், 16 அதிகாரம்தான், வேகமாக நகரும். ஒரு வாரத்துக்கு ஒரு சம்பவம் போதும். சத்தமாக வாசிக்கச் செய்து, இரண்டு நிமிடம் மௌனம் விட்டு, "இதில் உனக்கு இடிக்கிற இடம் எது?" என்று கேளுங்கள். 'என்ன பாடம் கற்றுக்கொண்டாய்' என்று கேட்டால் நமக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்வார்கள். 'இடிக்கிற இடம்' என்றால் உண்மை வரும். இயேசு பிசாசுகளைத் துரத்தின சம்பவத்தில் பன்றிகள் எல்லாம் ஏன் சாகவேண்டும் என்று ஒருத்தி கேட்பாள், எனக்குத் தெரியவில்லை என்று சொல்ல உங்களுக்குத் தைரியம் வேண்டும். 12 வயது இயேசு ஆலயத்தில் போதகர் நடுவில் உட்கார்ந்து, அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டும் அவர்களை வினாவிக்கொண்டும் இருந்தார் என்று லூக்கா சொல்கிறார். வேதம் அவரைப் பதின்பருவத்தின் வாசலில் காட்டும் ஒரே காட்சி கேள்வி கேட்கிற காட்சிதான்.

மாதத்துக்கு ஒருமுறை ஒரு சங்கீதத்தை வைத்து அவர்களையே எழுதச் சொல்லுங்கள். 13-ஆம் சங்கீதம் ஆறே வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்குகிறது. அந்த 'எதுவரைக்கும்' என்ற ஒரு சொல்லை மட்டும் கொடுத்து மீதியை எழுதச் சொன்னேன். காகிதத்தை யாரும் என்னிடம் காட்டவேண்டியதில்லை, மடித்துத் தங்களிடமே வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னேன். வழக்கமாக ஐந்து நிமிடத்தில் சலசலக்கிற கூட்டம் இருபது நிமிடம் தலைதூக்கவில்லை. இரண்டு பேர் காகிதத்தை அவர்களாகவே கொண்டுவந்து கொடுத்தார்கள். அதில் ஒன்றில், வீட்டில் தினமும் நடக்கிற சண்டை இருந்தது. அதுவரை அந்தப் பிள்ளையை நாங்கள் 'எப்போதும் சிரிக்கிறவள்' என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

இப்படி வாய் திறக்கிற இடத்தில் பாதுகாப்பும் கண்டிப்பாக இருக்கவேண்டும், இதில் மட்டும் நான் தளரமாட்டேன். மூடிய அறையில் ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தனியாக இருக்கக்கூடாது. பேசவேண்டுமா, மற்றவர் கண்ணுக்குத் தெரிகிற, காதுக்குக் கேட்காத இடத்தில் பேசுங்கள். பெற்றோருக்குத் தெரியாத தனி வாட்ஸ்அப் உரையாடல் வேண்டாம். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று முன்கூட்டியே சத்தியம் செய்யாதீர்கள். "உனக்கோ இன்னொருவருக்கோ ஆபத்து என்றால் உதவி செய்யக்கூடியவரிடம் சொல்லியாகவேண்டும், மற்றதெல்லாம் என்னோடு இருக்கும்" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். சாக வேண்டும் போல இருக்கிறது என்றோ, யாரோ தவறாகத் தொட்டார்கள் என்றோ ஒரு பிள்ளை சொன்னால், ஜெபம் மட்டும் செய்து அனுப்புவது பாவம். அன்றைக்கே அதற்குரிய மருத்துவரிடமோ அதிகாரிகளிடமோ கொண்டுபோக வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் சபையில் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் சரி. பிள்ளைகள் அழுகிற படத்தை இணையத்தில் போடுவதையும் நிறுத்தச் சொல்லுங்கள். அந்த முகம் அவர்களுடையது, நம் ஊழியத்தின் விளம்பரம் அல்ல.

கைபேசியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கூட்டத்தின்போது ஒரு கூடையில் வைக்கச் சொல்லுங்கள், உங்களுடையதையும் சேர்த்து. அதற்குமேல் அதில் நேரம் செலவழிக்கவேண்டாம்.

அதைவிட நேரம் கொடுக்கவேண்டியது பெரியவர்களைச் சேர்ப்பதற்கு. ஒரு தலைவர், 14 பிள்ளைகள் என்ற கணக்கு உங்களை முறித்துவிடும், பிள்ளைகளுக்கும் போதாது. நீங்கள் ஒருநாள் வேறு ஊருக்கு மாறிப்போனால் அவர்கள் விசுவாசமும் உங்களோடு போய்விடும். ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் தெரிந்த, அதற்காக ஜெபிக்கிற, கண்டால் நின்று பேசுகிற நான்கைந்து பெரியவர்கள் சபையில் வேண்டும். அவர்களுக்குப் போதிக்கத் தெரியவேண்டியதில்லை. விதவையான ஒரு பாட்டியம்மா எங்கள் பிள்ளைகளின் பரீட்சைத் தேதிகளை ஒரு பழைய நாட்குறிப்பில் எழுதிவைத்து ஜெபிப்பார், பரீட்சை முடிந்த ஞாயிறன்று "கணக்கு எப்படிய்யா எழுதின?" என்று கேட்பார். நான் வருடக்கணக்கில் நடத்திய பாடங்களில் எது பிள்ளைகள் நினைவில் இருக்கிறதோ தெரியாது, அந்த நாட்குறிப்பு அவர்கள் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போதும் பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பெயர் சொல்லித்தான் நினைவுபடுத்துகிறார்.

கூடவே, பிள்ளைகளுக்கு நிஜமான பொறுப்பு கொடுங்கள். வாலிபர் ஞாயிறு என்று வருடத்தில் ஒருநாள் மேடை கொடுத்துவிட்டு மீதி நாளெல்லாம் பாய் விரிக்கச் சொல்வது பொறுப்பல்ல. நோயாளிகளைப் பார்க்கப் போகும்போது கூட்டிக்கொண்டு போங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி நடத்தவிடுங்கள். ஏழு வயதுப் பிள்ளைக்குக் கதை சொல்லத் தயாராகும்போதுதான், தான் இதை நம்புகிறேனா என்று 15 வயதுப் பிள்ளை முதல்முறையாக யோசிக்கும்.

பெற்றோரிடம் நீங்கள் கணக்கு ஒப்புவிக்கவேண்டியதில்லை, ஆனால் அவர்களைக் கூட்டி உட்காரவைத்துப் பேசவேண்டும். வாரத்தில் ஒன்றரை மணி நேரம் உங்களோடு இருக்கிற பிள்ளை மீதி நேரமெல்லாம் அவர்கள் கண்முன்னால் வளர்கிறது. வீட்டில் குடும்ப ஜெபம் நடந்தும், அப்பா, அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டதைப் பிள்ளை ஒருநாளும் பார்த்ததில்லை என்றால், அந்த ஜெபத்தை அது எப்படி எடைபோடும் என்று கேளுங்கள். தங்கள் சொந்தப் போராட்டத்தைப் பிள்ளையிடம் ஒருமுறை சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். "உன் வயசுல எனக்கும் சந்தேகம் வந்துச்சு" என்று ஒரு அப்பா சொல்வது என் ஒரு வருடப் பாடத்துக்குச் சமம்.

போதகருக்கு எண்ணிக்கை வேண்டும் என்றால் எண்ணிக்கையைக் கொடுங்கள், கூடவே பெயர் சொல்லாமல் ஒரு சம்பவத்தையும் சேர்த்துக் கொடுங்கள். நாளடைவில் அவரே சம்பவத்தைத்தான் கேட்பார்.

இந்த வாரம் செய்ய ஒன்று இருக்கிறது. ஒரு காகிதத்தில் 14 பெயரையும் எழுதி, ஒவ்வொருவரும் உங்களிடம் கடைசியாகச் சொன்ன நிஜமான விஷயம் என்ன என்று பக்கத்தில் எழுதுங்கள். சிலருக்கு நேரே ஒன்றும் எழுத வராது. அந்தப் பெயர்களிலிருந்து தொடங்குங்கள்.

வராமல் நின்றுவிட்ட பையனை, வீட்டில் பெரியவர்கள் இருக்கிற நேரமாகப் பார்த்து நீங்களே போய்ப் பாருங்கள். ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள், வரச்சொல்லி வற்புறுத்தவும் வேண்டாம். அவன் படிப்பைப் பற்றி, விளையாட்டைப் பற்றிப் பேசுங்கள். கிளம்பும்போது, "அன்னிக்கு நீ எல்லார் முன்னாலயும் உண்மையைச் சொன்ன. அதுக்கு நான் சரியா பதில் சொல்லல. உனக்கு எப்போ தோணுதோ அப்போ பேசலாம்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். அடுத்த மாதமும் போங்கள்.